லியாங்பிக்கு விலைச்சலுகை மதிப்பெண் வேண்டாம்

தெருக்கடைச் சாப்பாட்டைப் பற்றி எழுதும்போது நம்மில் பலர் பாராட்டோடு ஒரு வாலையும் சேர்த்துவிடுகிறோம்: "இந்த விலைக்கு அருமை." குளிரூட்டிய அறையில், வெள்ளை விரிப்பு போட்ட மேசையில் சாப்பிட்டதைப் பற்றி எழுதினால் விலை கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். கடை தெருவில் இருந்துவிட்டால் விலைதான் முதல் வரி. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கும் மிஷலின் கையேடு 2016-இல் சிங்கப்பூருக்கு முதன்முதலாக வெளிவந்து, இரண்டு உணவங்காடிக் கடைகளுக்கு ஆளுக்கொரு நட்சத்திரம் கிடைத்தபோதும் இதுதான் நடந்தது. ஒன்று சோயா சாஸில் வேகவைத்த கோழிக்குப் பெயர்பெற்ற கடை, மற்றொன்று வினிகர் கலந்த பன்றியிறைச்சி நூடுல்ஸ் கடை. அந்தக் கோழி எவ்வளவு நேரம் எந்தக் குழம்பில் கிடந்தது, அந்த நூடுல்ஸில் வினிகரின் அளவு எப்படிப் பிடிக்கப்பட்டது என்று கேட்டவர்களைவிட, உலகத்திலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று தலைப்புப் போட்டவர்களே அதிகம்.

சீனாவின் ஷியான் நகரத்தில் லியாங்பி சாப்பிட்டதிலிருந்து இந்த எரிச்சல் எனக்குக் கூடிவிட்டது. ஷான்ஸி மாகாணத்தின் தலைநகரான அந்த ஊரில் என் தம்பி மருத்துவம் படித்தான். அவனைப் பார்க்கப் போனபோதுதான் இந்த ஆறிய நூடுல்ஸ் எனக்கு அறிமுகமானது. (காஞ்சிபுரம் வரை வந்து சென்ற யுவான் சுவாங் 645-இல் திரும்பிப் போய்ச் சேர்ந்த சாங்கான் நகரம் இதுதான் என்பதைத் தம்பி ஒவ்வொரு தெருமுனையிலும் நினைவுபடுத்தினான்.) ஊருக்கு நடுவே, 1380-இல் கட்டப்பட்ட முரசுக் கோபுரத்துக்குப் பின்புறம், ஹுய் முஸ்லிம்கள் பல தலைமுறைகளாக வாழும் குடியிருப்பு இருக்கிறது. அதன் முதன்மைத் தெரு இப்போது வெளியூர்க்காரர்களுக்கானது. விளக்கும் கூச்சலும் படமெடுக்கும் கூட்டமுமாக இருக்கும் அந்தத் தெருவை விட்டுப் பக்கத்துச் சந்துகளுக்குள் திரும்பினால், உள்ளூர்க்காரர்கள் வரிசையில் நிற்கும் கடைகள் தெரியும். நாங்கள் நின்றது அப்படியொரு கடையில். ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குப் பின்னால் ஓர் அம்மையார், முன்னால் முழங்கால் உயரத்துக்கு நான்கைந்து முக்காலிகள், கடை அவ்வளவுதான்.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். எண்ணெய் தடவி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த வட்டமான மாவுத்தாள்களில் ஒன்றை உரித்தெடுத்து, மடித்து, அகலமான கத்தியால் விரல் அகலத்துக்கு வெட்டினார். ஒரு கிண்ணத்துக்குள் மெல்லிய பிளாஸ்டிக் பையை விரித்து (கிண்ணம் கழுவும் வேலை மிச்சம்; இந்தப் பழக்கம் மட்டும் எனக்கு உடன்பாடில்லை), அதில் வெட்டியதைப் போட்டு, மேலே வெள்ளரிக்காய்த் துருவலும் வெந்நீரில் காட்டியெடுத்த முளைப்பயறும், பஞ்சுபோல் ஓட்டை ஓட்டையாக இருந்த சில பழுப்புத் துண்டுகளும் சேர்த்தார். பிறகு கை நிற்கவே இல்லை. உப்பு, பூண்டுத் தண்ணீர், மசாலா சேர்த்துக் காய்ச்சிய வினிகர், தண்ணீர்விட்டு இளக்கிய எள் விழுது, கடைசியில் ஒரு கரண்டி மிளகாய் எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, எதையும் அளந்து பார்க்கவில்லை. "அக்கா, நிறத்தைப் பார்த்துப் பயப்படாதீங்க, நம்ம ஊர்க் காரம் அளவுக்கு இருக்காது" என்றான் தம்பி. அது உண்மைதான். அங்கே மிளகாயை இடித்து, காய்ந்த எண்ணெயை அதன்மேல் ஊற்றிப் பொரியவைக்கிறார்கள். நாக்கைச் சுடுவதைவிட மணத்தைக் கிளப்புவதே அதன் வேலை.

வாயில் போட்டதும் முதலில் தெரிவது வழுவழுப்பு, அடுத்தது அதற்குள் இருக்கும் இழுவை. பல் பட்டதும் அறுந்துவிடாமல் ஒரு கணம் எதிர்த்து நின்று, பிறகு இணங்கிப்போகும் ஒரு தன்மை. வினிகர் மூக்கில் ஏறும்போது எள் விழுது அதைத் தணிக்கிறது. பூண்டின் பச்சை வாசம் கடைசிவரை அடங்குவதில்லை. அந்தப் பழுப்புத் துண்டுகள் சாறு முழுவதையும் உறிஞ்சிக்கொண்டு, கடித்தால் பீச்சியடிக்கின்றன. கிண்ணத்தில் தேடித்தேடி நான் எடுத்துத் தின்றது அவற்றைத்தான். ஆறிய உணவு என்றாலே முகம் சுளிக்கும் வீட்டில் வளர்ந்தவள் நான். என் அம்மாவின் அகராதியில் 'ஆறிப்போச்சு' என்பது ஒரு புகார். இங்கே ஆறியிருப்பதுதான் பக்குவம். கொதிக்கவைத்த மாவுச்சத்து ஆறும்போது இறுகும். இந்த இழுவை அந்த இறுக்கத்திலிருந்து வருவது. சுடச்சுடப் பரிமாறினால் அது வெறும் கொழகொழப்பாகிவிடும். பச்சைப் பூண்டும் வினிகரும் சூட்டில் கரைந்து காணாமல் போகும். அதே நேரம், பனிக்கட்டி போட்டுத் தரும் உணவும் இல்லை இது. அறைச் சூட்டுக்கு ஆறியிருந்தால் போதும்.

இப்போது அந்தத் தாள் எப்படி வருகிறது என்பதைப் பார்ப்போம், விலையைப் பற்றிய என் வாதம் அங்கேதான் இருக்கிறது. திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமைப்பால் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, ஊறவிட்டு, தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து பிசைந்து கழுவுகிறார்கள். மாவுச்சத்து பாலாகத் தண்ணீரில் இறங்க, கையில் ரப்பர்போல ஒரு பிண்டம் மிஞ்சுகிறது. அல்வாவுக்குப் பால் போதும், சக்கைக்கு வேலையில்லை. ஷியான்காரர்கள் அந்தப் பிண்டத்தை விடுவதில்லை. அது கோதுமையின் குளூட்டன், அதாவது புரதம். அதை ஆவியில் வேகவைத்தால் உப்பி, ஓட்டை விழுந்து, நான் தேடித்தேடித் தின்ற அந்தப் பழுப்புத் துண்டு ஆகிறது, மியன்ஜின் என்பார்கள். பாலை மணிக்கணக்கில், பெரும்பாலும் இரவு முழுவதும், அசையாமல் வைத்துத் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைக் கலக்கி, எண்ணெய் தடவிய தட்டையான தகரத்தட்டில் ஒரு கரண்டி ஊற்றிக் கொதிநீர்மேல் வைத்து மூடுகிறார்கள். ஓரிரு நிமிடத்தில் குமிழ் எழும்பித் தாள் வெந்துவிடும். தட்டைத் தூக்கிக் குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டு, விரல் நுனியால் உரித்தெடுத்து, எண்ணெய் தடவி அடுக்க வேண்டும். கெட்டிப்பால் ஒரு துளி தண்ணியானால் தாள் கிழியும்; ஒரு துளி கெட்டியானால் தடித்து, வாயில் கட்டியாக நிற்கும். கலக்காமல் ஊற்றினால் அடுத்தடுத்த தாள்கள் ஒன்றுபோல் இருக்காது.

ஆக, ஒரே மாவிலிருந்து நூடுல்ஸும் வருகிறது, இறைச்சியின் இடத்தில் நிற்கும் மெல்லுணவும் வருகிறது. கடையில் அடுப்பே தேவையில்லை, எரிபொருள் செலவெல்லாம் முன்னிரவிலோ விடியலிலோ முடிந்துவிட்டது. ஒரு கிண்ணம் கலக்க ஒரு நிமிடம்கூட ஆவதில்லை, வாடிக்கையாளர் அதிக நேரம் உட்கார்வதும் இல்லை, ஆகவே நான்கைந்து முக்காலிகளிலேயே ஒரு நாள் வியாபாரம் நடந்துவிடுகிறது. நான் போன சமயத்தில் ஒரு கிண்ணம் 10 யுவானை ஒட்டி இருந்தது. நம் கணக்கில் 120 ரூபாய்க்குப் பக்கம். இந்த விலைக்குக் காரணம் உணவின் தரம் இரண்டாந்தரம் என்பதில்லை. ஒரு சிக்கனமான செய்முறையும், பிறர் தூங்கும் நேரத்தில் செய்யப்படும் உழைப்பும் சேர்ந்து அதைக் கீழே வைத்திருக்கின்றன. அந்த இரவு வேலைக்குக் கூலி எவ்வளவு என்று யாரும் தனியாகக் கணக்கிடுவதில்லை. குடும்பத்தோடு நடத்தும் கடைகளில் அது எங்கும் இப்படித்தான் மறைகிறது. "இந்த விலைக்கு அருமை" என்று நாம் எழுதும்போது, அந்த மறைவுக்கு நாமும் ஒரு மூடி போடுகிறோம். சமையற்காரருக்குச் சலுகை மதிப்பெண் போட்டுத் தேற்றிவிட்டதாக நமக்கு ஒரு பெருந்தன்மை வேறு!

இதே உணவு கடல் கடந்து போன கதையிலும் இதைப் பார்க்கலாம். ஷியானிலிருந்து அமெரிக்கா போன டேவிட் ஷி என்பவர் 2005-இல் நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியில் கோல்டன் ஷாப்பிங் மால் என்ற கட்டடத்தின் நிலத்தடியில் ஒரு சின்னக் கடையில் லியாங்பி விற்கத் தொடங்கினார். சீனர்கள் மட்டுமே அறிந்திருந்த அந்த நிலத்தடிக்குத் தொலைக்காட்சிப் புகழ் ஆண்டனி போர்டெய்ன் வந்து சாப்பிட்டுப் போன பிறகு வெளிக்கூட்டமும் வந்தது. ஷியான் ஃபேமஸ் ஃபுட்ஸ் என்ற அந்தப் பெயரில் பின்னாளில் நகரமெங்கும் கிளைகள் திறக்கப்பட்டன. அதைப் பற்றிய எழுத்துகளிலும் சில டாலரில் கிடைத்த அதிசயம் என்ற தொனியே மேலோங்கி நின்றது. நிலத்தடிக் கடையில் அந்த மனிதர் மாவு கழுவிய நேரத்துக்கு அதே நகரத்தின் இத்தாலியச் சமையலறையில் பாஸ்தா பிசைந்திருந்தால் அதைக் கைவினை என்று எழுதியிருப்பார்கள், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும்.

மலிவையே புகழாக்குவதில் இன்னொரு தொல்லையும் உண்டு: அது நல்ல லியாங்பியையும் சுமாரான லியாங்பியையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துவிடுகிறது. ஷான்ஸி மக்கள் இதில் அவ்வளவு தாராளமானவர்கள் இல்லை. ஷியானுக்கு அருகிலுள்ள சின்ஜென் ஊரின் தாள் அரிசிமாவில் செய்வது. வெண்மையும் மென்மையும் அதன் அடையாளம், மிளகாய் எண்ணெய்தான் அதற்கு உயிர். சின்லிங் மலைகளுக்குத் தெற்கே நெல் விளையும் ஹான்ஜோங்கிலும் அரிசித்தாள்தான், ஆனால் அங்கே காலையில் சூடாகவே சாப்பிடுவார்கள். மேற்கே ச்சிஷான் பக்கத்தில் செய்வது கோதுமையில், தடித்து, நன்றாக மெல்ல வேண்டியதாக இருக்கும். எள் விழுது ஊற்றுவது ஹுய் முஸ்லிம்களின் கைப்பக்குவம். எது மேல் என்று இவர்கள் சண்டை போடுவதைக் கேட்டால், விலை அந்தப் பேச்சில் தலைகாட்டுவதே இல்லை. தாள் கிழிந்ததா, வினிகர் காய்ச்சியதா பச்சையா, மிளகாய் கருகியதா என்றுதான் பேச்சு போகும். நானும் அந்த அளவுகோலில் வைத்துச் சொல்கிறேன்: நாங்கள் சாப்பிட்ட கிண்ணத்தில் எள் விழுது ஒரு பங்கு அதிகம், பாதிக்கு மேல் அது நாக்கில் படிந்து வினிகரை மழுக்கிவிட்டது. முளைப்பயறு இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கலாம். தாளிலும் மியன்ஜினிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

தெருவில் ஆறிய உணவா, வயிறு என்னாவது என்று கேட்பவர்களின் அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். கொதிக்கக் கொதிக்கத் தரும் உணவில் இருக்கும் பாதுகாப்பு இதில் இல்லை. ஈரமான மாவுப்பண்டம் நாள்பட்டால் ஆபத்து. 2020 அக்டோபரில் சீனாவின் வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில், வீட்டில் புளிக்கவைத்து நெடுநாள் உறைபெட்டியில் வைத்திருந்த சோள நூடுல்ஸைச் சாப்பிட்ட உறவினர்கள் 9 பேர் இறந்தார்கள். போங்க்ரெக் அமிலம் என்ற அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. அது தெருக்கடையில் நடந்ததும் இல்லை, லியாங்பியால் நடந்ததும் இல்லை. ஆனாலும் இந்த வகைப் பண்டத்தில் புதிதாகச் செய்ததாக இருப்பதுதான் உயிர்காப்பு என்பதற்கு அது போதும். அன்று செய்ததை அன்றே விற்றுத் தீர்க்கும் கடை வேண்டும். வரிசை நீளமாக இருக்கும் கடையை நான் தேர்ந்தெடுப்பதற்குப் புகழைவிட இதுவே பெரிய காரணம். மதியம் தாண்டியதும் பெட்டி காலியாகும் கடையில் நேற்றைய தாள் இருக்க வாய்ப்பில்லை.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். லியாங்பியில் வழக்கமாக இறைச்சி சேர்ப்பதில்லை, ஆகவே சைவ உணவுக்காரர்கள் ஷியானில் பசியோடு அலைய வேண்டியதில்லை. இருந்தாலும் வாங்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு அந்த ஊரின் வழக்கமான கூட்டணி மூன்று: லியாங்பி, ரொட்டிக்குள் நறுக்கிய இறைச்சி வைத்த ரௌஜியாமோ, பிங்ஃபெங் என்ற உள்ளூர் ஆரஞ்சு சோடா ஒரு பாட்டில். சோடா என் சுவைக்கு அதிகத் தித்திப்பு, ஆனால் மிளகாய் எண்ணெய்க்குப் பிறகு அது ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும். எள் விழுதைக் குறைத்துப் போடச் சொன்னால் முகம் கோணாமல் குறைத்துப் போடுகிறார்கள். பொட்டலம் கட்டி அறைக்கு எடுத்துப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சில மணி நேரம் போனால் தாள் விறைத்து, வளைத்தால் ஒடியத் தொடங்கும். வெள்ளரி தண்ணீர்விட்டு வினிகரை நீர்க்கவைக்கும். முற்பகலில் போய், முக்காலி கிடைக்காவிட்டால் சுவரோரம் நின்றாவது, அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள்.