ஊன சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல

விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு மெடிக்கல் போர்டு 40 சதவீத ஊனம் என்று சான்று தந்தால், இழப்பீட்டுக்கான வருமான இழப்பையும் அதே 40 சதவீதமாகத்தான் கணக்கிடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதை நம்பி விட்டுவிடாதீர்கள். அடிபட்டவர் முன்பு பார்த்த வேலையை அவரால் இனி செய்ய முடியுமா என்பதை, விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் தனியாகப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

கை கால் நன்றாக இருக்கும். ஆனால் கணக்கர் ஒருவர் ஒரே பில்லை இரண்டு முறை பதிவு செய்வார், காலையில் சொன்னது மதியம் நினைவிருக்காது, சின்னச் சத்தத்துக்கே எரிந்து விழுவார். அவருடைய பிழைப்பே போய்விட்டது அல்லவா? இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி, நினைவாற்றல் பரிசோதனை எடுத்து, அந்த டாக்டரைச் சாட்சியாகவும் விசாரிக்கச் சொல்லுங்கள். வெறும் சான்றிதழ் போதாது. சமரசமாக வழக்கை முடித்து வைக்கும் லோக் அதாலத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், அங்கே முடிந்த வழக்குக்கு அப்பீல் கிடையாது.