‘எல்லா மதமும் இதைத்தானே செய்யுது’ என்று கமெண்ட் போட்டவர்களுக்கு

பையனுக்காகப் போன ஒரு அம்மாவின் நகையை, கலச பூஜை என்று சொல்லி ஒரு ‘பீடத்து’ச் சாமியார் சுருட்டிய விவகாரம். அதை மறுபடி விரிவாக எழுதப் போவதில்லை. சேலத்தில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு வயிறு எரிவது அந்தச் செய்திக்குக் கீழே வந்த கமெண்டுகளைப் பார்த்து. ‘பழசானா மதம், புதுசானா மோசடி, அவ்வளவுதான்’ என்று ஒரு கூட்டம். ‘எங்க மதத்துல இப்படியெல்லாம் நடக்காது’ என்று இன்னொரு கூட்டம். இரண்டு பேச்சும் அந்தச் சாமியாருக்குத்தான் வசதி.

எது மோசடி என்று சொல்ல மதத்தின் வயசு அளவுகோல் இல்லை. நம்பிக்கை விசித்திரமாக இருப்பதும் அளவுகோல் இல்லை. விட்டுப் போக நினைத்தால் போக முடிகிறதா, அதைப் பாருங்கள். கேட்டால் கணக்கு காட்டுகிறார்களா, பாருங்கள். கடைசியில் என்ன கேட்கப் போகிறார்கள் என்பதை முதல் நாளே சொல்கிறார்களா, அதையும் பாருங்கள்.

அமாவாசைக்குக் கஞ்சமலை சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் உப்பும் மிளகும் போட்டு, மரு உதிர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறார்கள். உதிருமா என்பது வேறு வாதம். வேண்டியவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறார். அடுத்த அமாவாசைக்கு வரவில்லை என்றால் யாரும் போன் போட்டு மிரட்டுவதில்லை. ஏற்காட்டு உச்சியில் சேர்வராயன் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிடுகிறவரிடம் யாரும் வீட்டுப் பத்திரம் கேட்பதில்லை. கோட்டை மாரியம்மன் கோயில் உண்டியலை அறநிலையத்துறை அதிகாரிகள் முன்னால்தான் திறந்து எண்ணுகிறார்கள். அதில் குறை இருந்தால் மனு போடலாம், வழக்குப் போடலாம். கேள்வி கேட்டதற்காக உங்கள் குழந்தைக்கு ஆகாது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அந்த மாதிரி ‘பீடம்’ எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் காசே கிடையாது, இல்லை என்றால் 101 ரூபாய். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் ஒரு அம்மா வந்து பேச்சுக் கொடுப்பார்: ‘ஏனுங்க, எந்த ஊருங்க, வீட்டுல என்னங்க கஷ்டம்?’ அவர் அங்கேயே வேலை செய்கிறவர். வாசலில் ஒரு நோட்டில் பெயர், நட்சத்திரம், செல் நம்பர், பிரச்சினை எல்லாம் எழுதி வாங்கியும் விடுவார்கள். அரை மணி நேரத்தில் அதெல்லாம் உள்ளே சாமியார் வாயிலிருந்து அருள்வாக்காக வரும். நமக்கு உடம்பு சிலிர்த்துவிடும், ஏனென்றால் வெளியே சொன்னது நினைவிலேயே இருக்காது.

அடுத்தது எலுமிச்சம்பழம். செம்பருத்தி இதழைக் கத்தியில் அழுத்தித் தேய்த்துக் காயவைத்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பழத்தை அறுத்ததும் புளிப்புப் பட்டுச் சிவப்பு இறங்கும். அது ‘செய்வினை ரத்தம்’. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு பட்டால் சிவக்குமே, அதையும் காட்டுவார்கள். நம் வீட்டு ஆரத்தியும் அதே மஞ்சள், அதே சுண்ணாம்புதான். ஆனால் ஆரத்தியில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கரைத்த அத்தைக்கும் தெரியும், எதிரே நிற்கிற மாப்பிள்ளைக்கும் தெரியும். அதே சிவப்பைக் காட்டிப் பரிகாரத்துக்கு 11,000 ரூபாய் கேட்கிற இடத்தில்தான் அது மோசடி ஆகிறது. ‘சடங்கு எல்லாமே பித்தலாட்டம்’ என்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை ஒரு தடவையாவது யோசித்திருப்பார்களா?

அதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டளை வரும்: ‘வீட்டுல யாருகிட்டயும் சொல்லாதே, சொன்னா பலிக்காது.’ இதைக் கேட்ட நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். கணவனோ அக்காவோ ஒரு கேள்வி கேட்டால் எல்லாம் கலைந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். பலிக்கவில்லை என்றால் தப்பு உங்கள் மேல்: தீட்டு பட்டது, கயிறு அறுந்தது, மனசில் சந்தேகம் இருந்தது. அடுத்த பூஜை இன்னும் பெரிது. கடைசியில் நகையைக் கலசத்தில் போட்டு, துணி சுற்றி, மஞ்சள் கயிறு கட்டி, ‘48 நாள் பிரிக்காதே’ என்பார்கள். ஒரே மாதிரி இரண்டு கலசம், கண்ணை மூடி மந்திரம் சொல்லச் சொல்கிற அந்த நேரத்தில் மாறிவிடும். ஒரு மண்டலம் என்பது அவர்கள் ஊரைக் காலி செய்ய எடுத்துக்கொள்கிற அவகாசம்.

‘பதிவு செஞ்ச ட்ரஸ்ட்தானே’ என்று ஒருவர் கேட்டிருந்தார். ஜப்பானில் ஓம் ஷின்ரிக்கியோ 1989-இல் முறையாகப் பதிவான மத அமைப்பு. பக்தர்களின் குடும்பங்களுக்காக வாதாடிய வழக்கறிஞரை அதே ஆண்டு மனைவி, குழந்தையோடு சேர்த்துக் கொன்றார்கள். 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் விஷவாயு விட்டார்கள். பதிவுச் சான்றிதழ் யாரையும் காப்பாற்றவில்லை.

‘நல்ல காரியமும் செஞ்சாங்களே’ என்பவர்களுக்கு: அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் என்ற பாதிரியார் நடத்திய சபையும் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரும் சபையாகத்தான் தொடங்கியது. தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தார்கள், கடிதத்தைப் பிரித்துப் படித்தார்கள். 1978 நவம்பரில் விசாரிக்க வந்த அமெரிக்க எம்.பி. லியோ ரயனோடு சிலர் கிளம்பியபோது, விமானத்தில் ஏறும் இடத்திலேயே சுட்டார்கள். அதே நாளில் 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதில் குழந்தைகள் எத்தனை பேர்! வெளியே போகிறவனை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

பழைய மதங்கள் யோக்கியமா என்றால், இல்லை. சாதி பார்த்துக் கோயில் கதவை மூடியது நம் ஊர்க்காரர்கள்தான். ஆனால் அதை எதிர்த்தவர்களும் வெளிப்படையாக எதிர்க்க முடிந்தது. கல்லைக் கும்பிடுவதைக் கடுமையாகத் திட்டிய சிவவாக்கியரை இன்றைக்கும் சித்தர் என்றுதான் கும்பிடுகிறோம். அந்தப் பீடத்தில் சிவவாக்கியர் ஒரு வாரம் தாங்குவாரா?

‘படிச்சவங்க எப்படி ஏமாறுறாங்க, பேராசைதான்’ என்ற கமெண்டுக்குத்தான் அதிக லைக். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 1954 டிசம்பர் 21-இல் உலகம் வெள்ளத்தில் அழியும் என்று அமெரிக்காவில் ஒரு சிறு கூட்டம் காத்திருந்தது. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் ஆட்களை உள்ளே அனுப்பிக் கவனித்தார். வெள்ளம் வரவில்லை. வேலையையும் வீட்டையும் விட்டு வந்தவர்களில் பலர் அதற்குப் பிறகு முன்னைவிடத் தீவிரமாகப் பிரச்சாரம் செய்தார்கள் என்று அவர் எழுதினார். இழந்தது அதிகமாக அதிகமாக, ஏமாந்தோம் என்று ஒத்துக்கொள்வது கஷ்டம். நகையை இழந்த அந்த அம்மா பீடத்துக்குப் போனது பேராசையால் இல்லை, பையனுக்கு வலிப்பு நிற்க வேண்டும் என்று. மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிரே போகலாம். இன்சுலினை நம்பி இருக்கிற குழந்தைக்கு நிறுத்தினால் சில நாட்களே போதும். தாயத்தும் மந்திரமும் நீரிழிவையும் வலிப்பையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பீடத்து நோட்டீஸ் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருந்தபோது நாம் எல்லாரும் அதைத் தாண்டித்தானே போனோம்? இன்றைக்கு அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்க மட்டும் என்ன உரிமை இருக்கிறது?

இதே மாதிரி கலசம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது என்று தெரிகிறது. உங்கள் வீட்டில் இருந்தால் 48 நாள் காத்திருக்காதீர்கள், இன்றைக்கே பிரியுங்கள். சொந்தக்காரர் இரண்டு பேரை உட்காரவைத்து, முடிச்சை அவிழ்ப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். உள்ளே கூழாங்கல் இருந்தால் அதையும் துணியையும் அப்படியே ஸ்டேஷனுக்குக் கொண்டுபோங்கள். ஜிபேயில் அனுப்பிய பணம் என்றால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். புகாரில் ஏமாற்றுக் குற்றத்துக்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318-ஐக் குறிப்பிடச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்தியிருந்தால், போலீஸுக்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.