கென்யாவில் ஒரு தாள்

ரைலா ஒடிங்கா 2025 அக்டோபர் 15 அன்று இறந்தது கேரளத்தில், கூத்தாட்டுக்குளத்தில். ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்த இடத்தில், காலை நடையின்போது மயங்கி விழுந்தார். வயது 80. 'கென்யாவின் முன்னாள் பிரதமர்' என்று நம் செய்திகளில் போட்டார்கள். ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்று ஐந்து முறையும் தோற்ற மனிதர். அப்புறம் எப்படிப் பிரதமர்? 2008 வரை அப்படி ஒரு பதவியே அந்த நாட்டில் பல பத்தாண்டுகளாக இல்லை. 2007 தேர்தலையொட்டி ஆயிரத்துக்கும் மேல் பிணங்கள் விழுந்த பிறகு, ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலர் கோஃபி அன்னான் உட்கார்ந்து பேசி, 2008 பிப்ரவரி 28 அன்று கையெழுத்தான உடன்பாட்டில் செய்துபோட்ட நாற்காலி அது.

2007 டிசம்பர் 27 அன்று அதிபர் தேர்தல் வாக்குப்பதிவு. பதவியில் இருந்த அதிபர் ம்வாய் கிபாகியை எதிர்த்து ரைலா நின்றார். எண்ணத் தொடங்கியபோது ரைலா நன்றாகவே முன்னால் இருந்தார். பிறகு சில தொகுதிகளின் முடிவு வராமல் இழுத்தது. அதிகாரிகள் செல்போனை அணைத்துவிட்டார்கள் என்று தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டுவே புலம்பினார். 30ஆம் தேதி நைரோபி மாநாட்டு மண்டபத்தில் கூச்சல் எழ, துணைராணுவம் புகுந்து கூட்டத்தைக் கலைத்தது. அரசுத் தொலைக்காட்சியின் கேமரா முன்னால் மட்டும், கிபாகி வென்றார் என்று அறிவித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள், பொழுது சாயும்போது, அதிபர் மாளிகையில் பதவியேற்பு. பெண்ணின் அண்ணன்மார் வந்து சேர்வதற்குள் அவசரமாகத் தாலி கட்டி முடிப்பார்களே, அந்த மாதிரி. கொஞ்ச நாளில், கிபாகிதான் உண்மையில் ஜெயித்தாரா என்று நிருபர்கள் கேட்டபோது தனக்குத் தெரியாது என்றார் கிவுயிட்டு. முடிவை அறிவித்தவரே அவர்தான்!

எல்டோரெட் பக்கம் கியம்பாவில், ஜனவரி 1 அன்று, தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்த, கிபாகியின் இனமான கிகுயு மக்களை உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மாதக் கடைசியில் நைவாஷாவிலும் நகுருவிலும் கிகுயு தரப்பின் பழிக்குப் பழி நடந்தது. இதையெல்லாம் 'பழங்குடிச் சண்டை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது சுலபம். எனக்கு அந்தச் சொல் எரிச்சலூட்டும். இந்த ஊர்கள் இருக்கும் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் நடந்ததற்கு அடியில் இருந்தது நிலம். வெள்ளைக்காரர்கள் பிடுங்கிய பண்ணை நிலம் விடுதலைக்குப் பிறகு கைமாறியபோது நிறைய கிகுயு குடும்பங்கள் வாங்கிக் குடியேறின. எங்கள் மண் எங்களிடம் திரும்பவில்லையே என்று அந்தப் பகுதியின் கலெஞ்சின் இன மக்களுக்கு ஆறாத ஆத்திரம். 1992லும் 1997லும்கூட தேர்தலையொட்டி அங்கே வீடுகள் எரிந்தன. வந்தேறிகளை 'மடோவாடோவா' என்பார்கள், கறை என்று பொருள். இன்னொன்றும் உண்டு. இந்த வன்முறையை விசாரித்த வாக்கி ஆணையம் கணக்கெடுத்த 1,133 சாவுகளில் 405 துப்பாக்கிக் குண்டால் நேர்ந்தவை. பழங்குடி வில்லும் அம்பும் அல்ல, பெரும்பாலும் போலீஸ் துப்பாக்கி.

எதிரெதிர் அணியில் இருந்து அந்த வன்முறைக்காக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்ட உஹுரு கென்யாட்டாவும் வில்லியம் ரூட்டோவும் 2013இல் கைகோர்த்து ஜெயித்தார்கள். வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்தன. இருவரும் அடுத்தடுத்து அதிபர்கள். சரி, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது 34ஏ என்ற ஒரு தாளைப் பற்றி. வாக்குச்சாவடியிலேயே எண்ணி, முகவர்கள் கையெழுத்திட்டு, எல்லாரும் பார்க்க ஒட்டிவிட்டுப் போகும் படிவம். கென்யாவில் 2007 மாதிரி மறுபடி நடக்காமல் போனதற்குத் தலைவர்கள் திருந்தியது காரணம் என்று நான் நம்பவில்லை. இந்தத் தாள்தான் காரணம். 2017 ஜூனில், மைனா கியாய் முதலானோர் தொடுத்த வழக்கில், அடிமட்டத்தில் அறிவித்த எண்ணே இறுதி, நைரோபியில் உட்கார்ந்து மாற்ற முடியாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் தேர்தலில் முடிவு மேலே போன வழி சரியில்லை என்று ரைலா உச்ச நீதிமன்றம் போனார். தேர்தல் ஆணையத்தின் சர்வரைத் திறந்து காட்டு என்றது நீதிமன்றம். ஆணையம் முழுசாகக் காட்டவில்லை. செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் நால்வர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம்: தேர்தல் செல்லாது. பதவியில் இருக்கும் அதிபரின் வெற்றியை ஆப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை. உஹுரு நீதிபதிகளை 'வகோரா' என்று திட்டினார், அயோக்கியர்கள் என்று அர்த்தம். இதற்கு ஒரு விலையும் இருந்தது. ஆணையத்தின் கணினிப் பிரிவை நடத்திய கிறிஸ் ம்சாண்டோவை வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு சித்திரவதை செய்து கொன்று போட்டிருந்தார்கள்.

2022இல் 46,000க்கும் மேற்பட்ட சாவடிகளின் 34ஏ படங்களை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக் கூட்டிப் பார்க்கலாம். ரூட்டோ 50.49 சதவீதம், ரைலா 48.85. வித்தியாசம் சுமார் 2.33 லட்சம் வாக்கு. 2007இல் இவ்வளவு நெருக்கமான முடிவு ஊரையே எரித்தது. இந்த முறையும் ஏழு தேர்தல் ஆணையர்களில் நாலு பேர் முடிவை ஏற்க மாட்டோம் என்றார்கள். சதவீதத்தைக் கூட்டினால் 100.01 வருகிறதாம்! பின்னத்தைத் தோராயமாக்கினால் அப்படித்தான் வரும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். ரைலா நீதிமன்றம் போய்த் தோற்றார், தீர்ப்பு பிடிக்கவில்லை என்றார், மதிப்பதாகவும் சொன்னார்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். 2023 ஜனவரி தொடங்கி இரண்டரை ஆண்டு தேர்தல் ஆணையத்தில் செயல்படும் ஆணையர்களே இல்லை. 2024 ஜூன் 25 அன்று வரி மசோதாவை எதிர்த்து இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தபோது போலீஸ் சுட்டது. எங்களுக்கு இனமும் இல்லை, கட்சியும் இல்லை, தலைவனும் இல்லை என்று சொல்லித் தெருவுக்கு வந்த பிள்ளைகள். மறுநாளே ரூட்டோ மசோதாவைக் கைவிட்டார். அடுத்த மாதம் தன் அமைச்சரவைக்கு ரைலாவின் ஆட்களை ரூட்டோ அறிவித்தார். எனக்கு ரைலா மேல் இருந்த மரியாதையில் பாதி அன்றைக்குப் போனது.

கேரளத்திலிருந்து அவர் உடல் நைரோபி போனதும் கசரானி அரங்கில் கூட்டம் முண்டியடித்தது. அங்கேயும் சுட்டார்கள். சிலர் இறந்தார்கள், அஞ்சலி செலுத்த வந்தவர்கள்.