சுவரில் நிற்காத அடாப்டர்

ஒவ்வொரு வெளிநாட்டுப் பயணத்திலும் இதே வேதனைதான். நள்ளிரவில் ஜூரிச் விடுதிக்கு வந்து, நான்கு சதவீதம் சார்ஜ் மிஞ்சியிருந்த கைபேசியைச் செருகப் போனால், எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்பட்ட தடித்த அடாப்டர், சுவருக்குள் அறுகோணக் குழியாகப் பதிந்திருந்த பிளக் பாயிண்டுக்குள் இறங்கவே இல்லை. லண்டனில் மூன்று பட்டை முனைகள், டோக்கியோவில் இரண்டு தட்டை முனைகள். ஒரு மனிதர் எத்தனையைத்தான் சுமப்பது?

முனை பொருந்திவிட்டால் மட்டும் போதுமா? நம் ஊரில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது என்பதை அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? அது தெரியாமல், அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் முடி உலர்த்தியை லண்டனில் செருகிய என் தங்கை, அறை முழுவதும் பரவிய கருகல் வாடைக்கு நடுவே நடுங்கிப்போய் நின்றாள். சார்ஜரிலோ, இந்த எல்லா மின்னழுத்தங்களையும் அது தாங்கும் என்று சொல்லும் 100–240 வோல்ட் என்ற முக்கியமான வரி, கறுப்பு நிறத்தின் மேல் சாம்பல் நிறத்தில், எறும்பைவிடச் சிறிய எழுத்தில் இருக்கிறது. அதை யார் படிப்பது?

எல்லாம் சரியாகி உறங்கினாலும், விடியும்போது அடாப்டர் தன் கனத்தாலேயே நழுவித் தரையில் கிடக்கிறது. கைபேசியில் ஆறு சதவீதம்.