சோலார் பேனலுக்கு முன்னால் உள்ளாட்சிகள் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள்

ஊராட்சியோ மாநகராட்சியோ, புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாறப்போகிறோம் என்று தீர்மானம் போட்டதும் முதலில் நடப்பது அலுவலக மொட்டை மாடியில் பேனல் ஏறுவதுதான். பேனல் கட்டாயம் வேண்டும். ஆனால் வரிசையில் அது மூன்றாவது வேலை. முதல் வேலை, உள்ளாட்சி தான் கட்டும் கரண்ட் பில்லை உட்கார்ந்து படிப்பது. இரண்டாவது, கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கிற மேசையை ஒழுங்குபடுத்துவது. இந்த இரண்டையும் தாண்டிக் குதித்து பேனலில் தொடங்கினால், கொஞ்ச காலத்தில் பேனல் மேல் தூசி படியும், பேனல் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரியும், அதை ஏனென்று கேட்க ஆள் இருக்காது.

பில்லில் இருந்து தொடங்குவோம். உள்ளாட்சியின் மின்சாரத்தைப் பெரும்பாலும் தின்பது குடிநீர் மோட்டார்களும் தெருவிளக்குகளும்தான். அலுவலக லைட்டும் ஃபேனும் அதற்குப் பக்கத்தில் சிறிய கணக்கு. ஒவ்வொரு மின் இணைப்புக்கும் இணைப்பு எண், இருக்கும் இடம், அதில் ஓடும் மோட்டார், அனுமதிக்கப்பட்ட லோடு, கடந்த 12 மாத யூனிட், பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனுள்ள வேலைக்குப் போகிறது என்ற அளவு) இவ்வளவையும் ஒரே அட்டவணையில் எழுதிப் பாருங்கள். எழுதும்போதே பல விஷயம் வெளியே வரும். வற்றிப்போன போர்வெல்லுக்கு நிலைக்கட்டணம் போய்க்கொண்டிருக்கும். மீட்டர் ஓடாமல் நின்ற இணைப்புக்குச் சராசரி பில் வந்துகொண்டிருக்கும். பவர் ஃபேக்டரைத் தூக்கிப்பிடிக்கும் கெபாசிட்டர் செத்துப்போய் அது இறங்கி, அதற்கு அபராதம் சேர்ந்துகொண்டிருக்கும். ஒரு பேனல்கூட வாங்காமல் மிச்சமாகும் பணம் இது.

அடுத்தது பம்பு. இதில் கணக்கு மிகச் சுலபம். 1000 லிட்டர் தண்ணீரை 1 மீட்டர் உயர்த்த, இழப்பே இல்லாவிட்டால், 2.725 வாட்-மணி போதும். தினமும் 10 லட்சம் லிட்டரைக் குழாய் உராய்வும் சேர்த்து 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பில்லாத கணக்கில் 82 யூனிட். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 65 சதவீதத் திறனில் ஓடினால் 126 யூனிட். தேய்ந்துபோய் 40 சதவீதத்தில் ஓடினால் 204 யூனிட். ஒரே நாளில் 78 யூனிட் வித்தியாசம். நல்ல வெயில் உள்ள இடத்தில் 1 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அந்த 78 யூனிட்டைப் பேனலில் எடுக்க வேண்டுமானால் ஏறக்குறைய 20 கிலோவாட், அதற்கு நிழல் விழாத 200 சதுர மீட்டர் மாடி வேண்டும். தேய்ந்த பம்பை மாற்றாமல் அதற்குப் பேனல் போடுவது வீண்செலவு என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பம்பின் திறன் ஏன் இறங்குகிறது? தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவே உள்ள வேர் ரிங் என்ற வளையம் தேய்ந்து இடைவெளி கூடும், ஏறிய தண்ணீரில் ஒரு பங்கு உள்ளேயே சுற்றிவரும். மோட்டாரைத் திரும்பத் திரும்ப ரீவைண்டிங் செய்திருப்பார்கள். "இருக்கட்டும்" என்று தேவைக்கு மேல் பெரிய பம்பு வாங்கி, பிறகு வால்வைப் பாதி மூடி ஓட்டுவார்கள். பாதி மூடிய வால்வில் வீணாவதும் காசு கொடுத்து வாங்கிய மின்சாரம்தான். கண்டுபிடிக்க ஒரு ஃப்ளோ மீட்டர், ஒரு பிரஷர் கேஜ், ஒரு பவர் மீட்டர் இருந்தால் போதும். அப்படியே குழாய்க் கசிவையும் பாருங்கள். கசியும் ஒவ்வொரு லிட்டரும் மின்சாரம் செலவழித்து ஏற்றிய தண்ணீர். பம்பு சரியான பிறகு பகலில் பேனல் மின்சாரத்திலேயே நேரடியாக ஓட்டினால் மேல்நிலைத் தொட்டியே சேமிப்பு ஆகிவிடும், தனியாக பேட்டரி தேவையில்லை.

தெருவிளக்கில் எல்லோரும் எல்.இ.டி.க்கு மாறுகிறார்கள், நல்லது. 150 வாட் சோடியம் விளக்கு சோக் இழப்போடு சுமார் 170 வாட் எடுக்கும். அங்கே 70 வாட் எல்.இ.டி. போட்டால் 12 மணி நேரத்தில் ஒரு கம்பத்துக்கு 1.2 யூனிட் மிச்சம். ஆனால் மாட்டிய கொஞ்ச நாளிலேயே விளக்குகள் வரிசையாக அணைவதும் நடக்கிறது. பெரும்பாலும் போவது எல்.இ.டி. இல்லை, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர். மின்னலும், மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் விட்டுப்போய் ஒரு பக்கம் வோல்டேஜ் எகிறுவதும்தான் வழக்கமான காரணங்கள். டெண்டரிலேயே 10 கிலோவோல்ட் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எழுச்சி) பாதுகாப்பு கேளுங்கள். விளக்கு மாற்றும் அதே வேலையில் நியூட்ரல் இணைப்புகளையும் எர்த்திங்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். விளக்கை மட்டும் மாற்றிவிட்டு வயரைத் தொடாமல் வருவது பாதி வேலை.

இப்போது அனுமதி மேசை. உள்ளாட்சிக்கு இதைவிடப் பெரிய அதிகாரம் கிடையாது. ஒரு கட்டடம் 50 வருடம் நிற்கும். அதன் சன்னல் எந்தப் பக்கம், கூரை எப்படி என்பது வரைபடத்தில் கோடு போடும்போதே முடிவாகிவிடுகிறது, அந்த 50 வருடக் கரண்ட் பில்லும் அதோடு சேர்ந்து முடிவாகிறது. அந்தக் கோட்டைத் திருத்தச் சொல்லும் உரிமை உள்ளாட்சி அலுவலகத்துக்கு இருக்கிறது. திருத்துவதற்கு அந்த நேரத்தில் ஆகும் செலவு மிகக் குறைவு.

தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, மாடிப்படி மூடு இவை மாடியில் எங்கே வருகின்றன என்று பாருங்கள். வட அரைக்கோளத்தில் அவை வடக்கு ஓரமாகப் போனால் அவற்றின் நிழல் பெரும்பாலும் பேனல் மேல் விழாது. தெற்கில் வைத்துவிட்டால் மாடியில் பாதி போச்சு. பேனலில் உள்ள செல்கள் பெரும்பாலும் தொடராக இணைக்கப்பட்டவை. சாதாரண பேனலில் ஒரே ஒரு செல் மேல் நிழல் விழுந்தாலே அந்தப் பகுதியைத் தாண்டி மின்சாரத்தை விடும் பைபாஸ் டயோடு வேலைசெய்து பேனலின் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம். அதனால் வரைபடத்திலேயே "பேனலுக்கான நிழலற்ற பகுதி" என்று குறிக்கச் சொல்ல வேண்டும். மாடியிலிருந்து மீட்டர் பலகை வரை இரண்டு காலிக் குழாய்களைச் சுவருக்குள் விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். மாடியில் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும், பேனல் கழுவ. கட்டும்போது இவற்றுக்கு ஆகும் செலவு கண்ணுக்கே தெரியாது. பிறகு செய்யப் போனால் சுவரை உடைக்க வேண்டும்.

வெப்ப நாட்டுக் கட்டடத்தில் எனக்கு முதல் கவலை மேற்குச் சுவரும் மேல்தளமும். உச்சி வெயிலை சன்ஷேடு தடுக்கும். மாலை வெயில் தாழ்ந்து, படுத்தவாக்கில் நுழைவதால் மேற்குச் சன்னலுக்கு மேலே எவ்வளவு நீட்டினாலும் பயன் இல்லை. பக்கவாட்டில் நிற்கும் தடுப்போ, வெளிப்புறத் தட்டியோ வேண்டும், இல்லையென்றால் சன்னலைச் சிறிதாக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும், ஆனால் உள்ளே வந்துவிட்ட சூடு உள்ளேயேதான் இருக்கும். மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி பதித்து, உள்ளே நாளெல்லாம் ஏசி ஓட்டும் அரசுக் கட்டடங்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. மற்றவர்களுக்கு விதி சொல்ல வேண்டிய அலுவலகமே அப்படி நிற்கலாமா?

கூரையில் வெப்பத்தடுப்பை கான்கிரீட்டுக்கு மேலே போட வேண்டும். கீழே போட்டால் அறைக்குச் சூடு குறையும், கான்கிரீட் மட்டும் வெயிலில் காய்ந்து விரிந்து சுருங்கி, விரிசல் விடும். அதற்கு வசதி இல்லாத இடத்தில் வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு. விரிசலை அடைத்து, பாசி போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட். ஈரத்தின் மேல் அடித்தால் கொப்புளம் கிளம்பி உரியும். தண்ணீர் தேங்கும் மாடியில் பாசியும் தூசியும் சேர்ந்து வெள்ளையை மங்கவைக்கும், அதனால் முதலில் வாட்டம் சரிசெய்ய வேண்டும். வருடம் ஒருமுறை கழுவ வேண்டும். உள்ளாட்சியிடம் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது என்றால் இந்தப் பூச்சை முதலில் தகரக் கூரை, சிமெண்ட் ஷீட் வீடுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பேனல் போட மாடி இல்லாத குடும்பங்களுக்கு இந்த ஆண்டு கோடையிலேயே சூடு குறையும் வழி அதுதான்.

அனுமதி மேசையில் விதி மட்டும் போட்டால் போதாது. பார்சிலோனா நகராட்சி 2000-இல் ஒரு விதியை அமலுக்குக் கொண்டுவந்தது: புதிய கட்டடங்களும் பெரிய அளவில் புதுப்பிக்கும் கட்டடங்களும் தங்கள் வெந்நீர்த் தேவையில் 60 சதவீதத்தைச் சூரிய வெப்பத்திலிருந்து எடுக்க வேண்டும். அருமையான முடிவு, பல ஊர்கள் பின்பற்றின. ஆனால் மாட்டிய பிறகு சரியாகப் பராமரிக்கிறார்களா, ஓடுகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு தொடக்கத்தில் பலவீனமாக இருந்தது. லண்டனின் மெர்ட்டன் பகுதி 2003-இல், 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு அல்லாத புதுக் கட்டடங்கள் தங்கள் எரிசக்தித் தேவையில் 10 சதவீதத்தை அங்கேயே புதுப்பிக்கத்தக்க வழியில் எடுக்க வேண்டும் என்றது. மொத்தத் தேவையில் 10 சதவீதம் என்பதால், தேவையைக் குறைத்தால் பேனலும் குறையும். கட்டுபவரை முதலில் சிக்கனம் பக்கம் தள்ளுகிற விதி என்பதால் எனக்கு இது பிடிக்கும். நியூயார்க் இன்னொரு வழியில் போனது. 2009 சட்டத்தின்படி பெரிய கட்டடங்கள் வருடாவருடம் தங்கள் எரிசக்திச் செலவைத் தெரிவிக்க வேண்டும். அதன் அடிப்படையில் A, B போன்ற மதிப்பெழுத்தைக் கட்டட வாசலில் மாட்டவும் பிறகு விதி வந்தது. 2019-இல் கரியமில வெளியீட்டுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். அளவிடுவது, ஊருக்குக் காட்டுவது, பிறகு வரம்பு வைப்பது. சரியான வரிசை.

சோதனையும் மூன்று கட்டத்தில் நடக்க வேண்டும்: வரைபடம் வரும்போது, மேல்தளம் போடும்போது, நிறைவுச் சான்றிதழுக்கு முன். கடைசியில் மட்டும் போய்ப் பார்த்தால் தொட்டி தவறான இடத்தில் ஏறி முடிந்திருக்கும். சொத்துவரிச் சலுகை கொடுப்பதாக இருந்தால் பேனல் மாட்டியதற்காகக் கொடுக்காதீர்கள். அந்த வருடம் பேனல் உற்பத்தி செய்து மீட்டரில் பதிவான யூனிட்டுக்குக் கொடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு பேனல். "20 கிலோவாட் மாட்டித் தர வேண்டும்" என்று டெண்டர் விட்டால் 20 கிலோவாட் மாட்டுவார்கள், அதோடு அவர்கள் வேலை முடிந்தது. "வருடத்துக்கு இத்தனை யூனிட் வர வேண்டும், வராவிட்டால் இவ்வளவு பிடித்தம், முதல் 5 வருடப் பராமரிப்பும் உங்களுடையது" என்று எழுதினால் கழுவுவதும் பழுதுபார்ப்பதும் தானாக நடக்கும். இன்னும் சில நுணுக்கங்கள். பேனல் சூடானால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும், எனவே அடியில் காற்றோட இடம் விட வேண்டும். பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர்களில் வெவ்வேறு கம்பெனிகளுடையதை ஒன்றோடொன்று செருகவே கூடாது, தொடர்பு தளர்ந்து சூடேறித் தீப்பிடிக்கும். லைன் வோல்டேஜ் அதிகமாக உள்ள இடத்தில் நல்ல வெயில் நேரத்தில் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும், அதனால் மாட்டுவதற்கு முன்பே ஒரு வாரம் வோல்டேஜைப் பதிவுசெய்து பாருங்கள்.

பணம், உரிமை இரண்டுக்கும் பார்க்க வேண்டிய ஊர்கள் உண்டு. கோவை மாவட்டத்தின் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் வங்கிக் கடனும் போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. தன் எல்லைக்குள் காற்று போதாது என்பதால், நன்றாக வீசும் வேறு இடத்தில் நிறுவி, தன் தேவைக்கு மேற்பட்டதை மின்வாரியத்துக்குக் கொடுத்தது. டென்மார்க்கின் சாம்சோ தீவில் காற்றாலைகளில் குடியிருப்போர் பங்கு வாங்கினார்கள், கடலில் நிறுவிய 10-இல் 5 நகராட்சி வாங்கியவை. அமெரிக்காவின் பெர்க்லி 2008-இல் வீட்டுக்காரருக்குச் சோலார் செலவைக் கொடுத்து, அதை 20 வருடம் சொத்துவரியோடு வசூலிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. வீடு விற்றாலும் பாக்கி வீட்டோடு போகும். 2010-இல் அந்த மாதிரித் திட்டங்கள் அங்கே முடங்கின. வீட்டுக்கடனுக்கு முன்னால் இந்தப் பாக்கி நிற்கிறதே என்று வீட்டுக்கடன் ஒழுங்குமுறை அமைப்பு எதிர்த்தது. இதே வழியை யோசிக்கும் உள்ளாட்சிகள் தீர்மானம் போடும் முன்பே வங்கிகளோடு பேசி, யார் பாக்கி முதலில் என்பதை எழுத்தில் முடித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகும் கவுன்சிலர்கள், வார்டு உறுப்பினர்கள் மூன்று தாள்கள் கேளுங்கள்: எல்லா இணைப்புகளின் 12 மாத யூனிட் அட்டவணை, ஒவ்வொரு பம்பின் திறன் சோதனை முடிவு, ஏற்கனவே மாட்டிய பேனல்கள் போன மாதம் கொடுத்த யூனிட். மூன்றாவது தாள் இல்லை என்று பதில் வந்தால் புதுப் பேனல் டெண்டரை நிறுத்திவைத்து, பழைய இன்வெர்ட்டர்களை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.