இரண்டாம் பாகத்தில் உறவு மாற வேண்டும்

குடும்ப காமெடிப் படம் ஒன்றுக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவிப்பு வந்தாலே எனக்கு ஒரு பயம் வந்துவிடுகிறது. முதல் பாகத்தில் நாம் நம் வீட்டு ஆட்களைப் போல நினைத்துக்கொண்ட அந்தக் குடும்பத்தை என்ன செய்து வைத்திருக்கிறார்களோ என்கிற பயம். போன வாரம் வேலூரில் வீட்டோடு போய்ப் பார்த்த படத்திலும் அதுதான் நடந்தது. படத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஒரு படத்தைத் திட்டித் தீர்ப்பதால் எதுவும் ஆகாது. இந்த வகைப் படங்களில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கோளாறைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதல் பாகத்தில் ஒரு கஞ்ச மாமனார் இருப்பார். எதற்கும் கண் கலங்கும் மாமியார், வாயைத் திறந்தால் வம்பு இழுக்கும் சித்தப்பா, காது கேட்காத பாட்டி, அக்கா கல்யாணத்துக்கு முட்டுக்கட்டை போடும் முரட்டுத் தம்பி, எல்லோரும் இருப்பார்கள். படம் ஓடியதே அவர்களால்தான். இரண்டாம் பாகம் எடுக்கும்போது என்ன நடக்கிறது? கதாநாயகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். புதிதாக இரண்டு காமெடி நடிகர்கள், ஒரு கடத்தல்காரர், ஒரு வைரப் பெட்டி வந்து சேருகின்றன. அந்தக் குடும்பம் ஊரிலேயே உட்கார்ந்து வீடியோ காலில் வந்து போகிறது. மாமனார் இப்போதும் கஞ்சன்தான், முன்பைவிட இரண்டு மடங்கு சத்தமாக. படம் முடிந்து காட்பாடி ரோட்டில் ஆட்டோவுக்கு நிற்கும்போது பெரியம்மா என்னிடம் கேட்டது இதுதான்: “இன்னாடா, அந்தச் சித்தப்பா இன்னா ஆனாரு? ஒரு வார்த்தகூட சொல்லலியே.”

பெரியம்மாவுக்குக் கடத்தல்காரர் பிடிபட்டது நினைவிலேயே இல்லை. அவருக்குச் சித்தப்பாதான் முக்கியம். தியேட்டருக்குக் குடும்பமாக வந்து டிக்கெட் வாங்குகிறவர்களில் பாதிப்பேர் பெரியம்மா மாதிரிதான்.

என் கருத்து இது. ஒரு மனிதர் கஞ்சன் என்பது மட்டும் சிரிப்பு வரவழைக்காது. கஞ்சனாக இருப்பவர் பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டிய அப்பாவாகவும் இருக்கிறார், நாளைக்கு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாக வேண்டும் என்கிறபோதுதான் அது காமெடி ஆகிறது. குணம் ஒரு பக்கம் இழுக்க, உறவில் அவருக்கு இருக்கும் பொறுப்பு இன்னொரு பக்கம் இழுக்க வேண்டும். முதல் பாகத்தில் அந்தப் பொறுப்பை நிறைவேற்றியாகிவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணமும் முடிந்துவிட்டது. இனி குணத்தை மட்டும் எத்தனை மடங்கு பெருக்கினாலும் சிரிப்பு வராது. இரண்டாம் பாகத்தில் அந்த மனிதருக்கு உறவில் ஒரு புது இடம் கொடுக்க வேண்டும். பெண் கேட்டு வாசலில் நின்றவன் பெண்ணைப் பெற்றவன் ஆக வேண்டும். மருமகளை அதட்டிய மாமியார் மருமகள் சம்பளத்தில் மருந்து வாங்கும் நிலைக்கு வர வேண்டும். ஊர் மாறத் தேவையில்லை, வைரப் பெட்டியும் வேண்டாம்.

இதைச் சரியாகப் பிடித்த ஒரு கரு தமிழிலேயே இருக்கிறது. விசு இயக்கி 1982-ல் வந்த ‘மணல் கயிறு’ படத்தில் எஸ்.வி.சேகரின் கிட்டுமணி, வரப்போகும் மனைவிக்கு எட்டு நிபந்தனை போடுவார். விசுவே நடித்த நாரதர் நாயுடு அந்த நிபந்தனைகளுக்குப் பொருந்தாத பெண்ணைக் கட்டிவைத்துவிடுவார். அந்த எட்டு நிபந்தனைகள்தான் திரைக்கதையின் எலும்புக்கூடு. ஒவ்வொரு நிபந்தனையும் பார்ப்பவருக்குக் கொடுத்துவைத்த ஒரு வாக்குறுதி. கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக உடையப் போகிறது என்று நமக்குத் தெரியும், கிட்டுமணிக்குத் தெரியாது. எப்போது எது உடையும் என்று காத்திருப்பதே சுகம். 34 வருஷம் கழித்து, 2016-ல் இரண்டாம் பாகம் வந்தபோது, எட்டு நிபந்தனை போடுவது கிட்டுமணியின் மகள். அன்றைக்கு நிபந்தனை போட்டவர் இன்றைக்குப் பெண்ணின் அப்பாவாக உட்கார்ந்து மகள் போடும் எட்டைக் கேட்டுக்கொள்கிறார். படம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது அவரவர் விருப்பம். அந்தக் கரு மட்டும் அப்பழுக்கில்லாதது. குணத்தில் பெரிய மாற்றம் தேவைப்படவில்லை, நாற்காலிதான் மாறியது. ஒரு தலைமுறை இடைவெளியையே கதையாக்கிவிட்டார்கள்.

வெளிநாட்டுப் படம் என்றால் ‘மீட் தி பேரன்ட்ஸ்’. 2000-ல் வந்தது. காதலியின் அப்பா முன்னாள் உளவுத்துறை ஆள், மாப்பிள்ளையாக வரப்போகிறவன் ஆண் நர்ஸ். பெண் வீட்டுக்கு வந்தவனைப் பொய் கண்டுபிடிக்கும் கருவி வரைக்கும் கொண்டுபோய் வைத்துச் சோதிப்பார் அப்பா. (மருத்துவமனையை நம்பிப் பாதி ஊர் பிழைக்கும் வேலூரில் ஆண் நர்ஸ் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. அதனால் அந்த அப்பாவின் அலட்சியம் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உறுத்தும்.) 2004-ல் இரண்டாம் பாகம். இப்போது அந்த அப்பா சம்பந்தி வீட்டுக்குப் போகிறார். முதல் பாகத்தில் தன் வீட்டில் ராஜாவாக இருந்தவர் அடுத்தவர் வீட்டில் விருந்தாளி. மாப்பிள்ளைக்கோ, தன்னைப் பெற்றவர்கள் எந்த நேரத்தில் என்ன சொல்லி மானத்தை வாங்குவார்களோ என்கிற தவிப்பு. சம்பந்தி வீட்டுக்கு முதல் தடவை போகும்போது நம் வீடுகளில் நடக்கும் கூத்து எல்லோருக்கும் தெரியும். காபியில் சர்க்கரை கம்மி என்றால்கூட அது ஒரு வருஷத்துப் பேச்சு. இதை நம் ஊர்ப் படங்கள் இன்னும் முழுதாகத் தொடவே இல்லை என்பது என் ஆதங்கம்.

‘ஹோம் அலோன்’ வேறு வழியில் போன படம். 1990-ல் முதல் பாகம், 1992-ல் இரண்டாம் பாகம். கட்டமைப்பு கிட்டத்தட்ட அப்படியே. முதல் படத்தில் குடும்பம் பாரிஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் பையனை வீட்டில் விட்டுவிடும். இரண்டாவதில் விமான நிலைய நெரிசலில் பையன் வேறு விமானம் ஏறி நியூயார்க் போய்விடுவான். திருடர்கள் இரண்டிலும் அதே இருவர். முதல் பாகத்தில் பையன் பார்த்துப் பயந்த பக்கத்து வீட்டுக் கிழவர் இருப்பார் அல்லவா, பிறகு பையனைக் காப்பாற்றுபவர்? இரண்டாவதில் அந்த வேலையைப் பூங்காவில் புறாக்களோடு இருக்கும் பெண்மணி செய்வார். ஆள் புதிது, வேலை பழையது. குழந்தைகளுக்கு இது போதும். அவர்களுக்கு அதே விளையாட்டை மறுபடியும் ஆடுவதில் அலுப்பே கிடையாது. பெரியவர்களைப் பற்றிய குடும்பக் கதைக்கு இந்த வழி ஒத்துவராது என்பது என் அபிப்பிராயம். மனைவியிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு திருந்திய கணவன் இரண்டாம் பாகத்தில் மறுபடியும் அதே பொய்யைச் சொன்னால், முதல் பாகத்தில் அவன் திருந்தியதற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

பெயரை மட்டும் வைத்துக்கொண்டு புதுக்கதை சொல்லும் வகையும் உண்டு. 2012-ல் வந்த ‘கலகலப்பு’ கும்பகோணத்து ஓட்டலில் நடந்தது, 2018-ல் வந்த இரண்டாம் பாகம் காசிக்குப் போய்விட்டது, கதாபாத்திரங்களும் வேறு. அதில் தவறு இல்லை, அது வேறு கணக்கு.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம். பழைய வடார்க்காடு மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டாம் பாகம் என்பதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் பிரசங்கம், இரவில் கூத்து என்று நாள் கணக்கில் போகும். கதை எல்லோருக்கும் தெரியும். நேற்று வந்த அர்ச்சுனன்தான் இன்றும் வருகிறான். இருந்தும் ஏன் பாயைச் சுருட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கப் போய் உட்காருகிறார்கள்? ஒவ்வொரு இரவும் அதே ஆள் வேறு ஒரு இடத்தில் நிற்கிறான் என்பதால்தான்.

அதில் விராட பருவக் கதையைப் பாருங்கள். காமெடி இரண்டாம் பாகம் எழுத நினைப்பவர்கள் இதை ஒரு முறை முழுதாக யோசித்துப் பார்க்க வேண்டும். வனவாசம் முடிந்து ஒரு வருஷம் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். பீமன் சமையற்கட்டில் கரண்டி பிடிக்கிறான். காண்டீபம் எடுத்த அர்ச்சுனன் பேடி வேடத்தில் ராஜகுமாரிக்கு நாட்டியம் சொல்லித்தருகிறான். சூதாடி நாட்டைத் தோற்ற தர்மன், விராட ராஜாவுக்குச் சூதாட்டத் துணையாக உட்கார்ந்திருக்கிறான். பட்டத்து ராணியாக இருந்த பாஞ்சாலி இன்னொரு ராணிக்குத் தலைவாரி விடுகிறாள். ஒருவருடைய குணத்தையும் மாற்றவில்லை. பீமனின் பசி அதே பசி, தர்மனின் கையில் அதே பகடை. இடத்தை மட்டும் தலைகீழாக்கிவிட்டார்கள். நமக்கு அவர்கள் யாரென்று தெரியும், விராடன் வீட்டாருக்குத் தெரியாது. சிரிப்பும் அங்கேதான், கீசகன் வரும்போது வயிறு கலங்குவதும் அங்கேதான். முந்தைய பாகத்தை ரசிகர் மனப்பாடமாக வைத்திருப்பது இங்கே பலமாகிறது. புதுப் படங்களில் அதையே பாரமாக நினைத்துப் பழைய ஆட்களை ஓரங்கட்டுகிறார்கள்.

கூத்தில் வரும் கட்டியங்காரனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராஜா வருவதற்கு முன்னால் வந்து, வந்தவரை யார் என்று கேட்டு, நடுநடுவே நம் ஊர்ச் சங்கதியைப் பேசி, தேவைப்பட்டால் கதைக்குள் ஒரு வேடமாகவும் புகுந்துகொள்வான். எல்லா இரவுகளையும் இணைக்கும் ஆள் அவன். குடும்பப் படத்தில் அந்த வேலை கல்யாணத் தரகருக்கோ, பேசத் தெரிந்த பாட்டிக்கோ, வாடகைக்குக் குடியிருப்பவருக்கோ போக வேண்டும். நாரதர் நாயுடு இரண்டு பாகங்களிலும் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இந்த ஆளை எக்காரணம் கொண்டும் இரண்டாம் பாகத்தில் கழற்றிவிடக் கூடாது.

அப்புறம் நிகழ்ச்சி. முதல் பாகங்கள் பெரும்பாலும் கல்யாண மண்டபத்தில் முடிகின்றன. பொய் எல்லாம் அங்கே உடையும், அழுகை, மன்னிப்பு, தாலி. இரண்டாம் பாகத்தை மறுபடியும் மண்டபத்தில் முடிக்கக் கூடாது. நம்மிடம் வேறு நிகழ்ச்சிகளுக்கா பஞ்சம்? வளைகாப்பு, காது குத்து, புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், பாகப்பிரிவினை என்று ஒரு ஆயுளுக்கு இருக்கிறது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் வேறொருவர் கையில் அதிகாரத்தைக் கொடுக்கிறது. கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவர் கைகட்டி நிற்கிறார். அறுபதாம் கல்யாணத்தில் பிள்ளைகள் செலவு செய்ய, அவரே மாப்பிள்ளையாக மணையில் உட்காருகிறார். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை எந்த வீட்டில் வைத்துக்கொள்வது என்பதை வைத்தே ஒரு முழுப் படம் எடுக்கலாம்.

இதிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு பாகங்களுக்கு நடுவில் பல வருஷம் ஓடிவிட்டால், முதல் பாகத்தில் நடித்தவர்கள் சிலர் உயிரோடு இருக்க மாட்டார்கள். விசுவும் 2020-ல் போய்விட்டார். அந்த இடத்தில் வேறு நடிகரைப் போட்டு எதுவும் நடக்காதது போலக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் வீடுகளில் ஒரு பெரியவர் போய்விட்டால், அவர் செய்துகொண்டிருந்த வேலை யாரோ ஒருவர் தலையில் விழுகிறது. பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது, பங்காளி சண்டையில் யார் போய்ப் பேசுவது என்று எல்லாமே மாறுகிறது. பந்தியில் ‘இன்னும் ரெண்டு போடுப்பா’ என்று அதட்டிக்கொண்டிருந்தவர் இல்லாதபோது, அதுவரை வாயே திறக்காத ஒரு சின்ன மாமா அந்த வேலையை எடுத்துக்கொள்வதை நான் எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அவருக்கு அதட்ட வரவில்லை, கெஞ்சினார். இதைப் படத்தில் வைத்தால் மக்கள் சிரிக்கவும் செய்வார்கள், போனவரை நினைக்கவும் செய்வார்கள்.

எனக்கு ஒரு படம் பார்க்க ஆசை. முதல் பாகத்தில் அக்கா கல்யாணத்தைத் தடுக்க வண்டி வைத்து ஆள் திரட்டிய அந்த முரட்டுத் தம்பிதான் இரண்டாம் பாகத்தின் நடுநாயகம். அக்காவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. குலதெய்வம் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியவர் தாய்மாமன். தாய்மாமன் மடி இல்லாமல் ஆசாரி ஊசியை எடுக்க மாட்டார். அன்றைக்கு மச்சானை மண்டபத்து வாசலோடு துரத்திவிட்ட மாப்பிள்ளை, இன்றைக்குக் குடியாத்தத்தில் இருக்கும் மச்சான் வீட்டுக்குத் தாம்பூலத் தட்டோடு போக வேண்டும். கஞ்ச மாமனாருக்கு இப்போது பேரப்பிள்ளை பைத்தியம், காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்கிறார். ஆனால் மகனிடம் பேச மட்டும் முடியாது, இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. மாமியார் இரண்டு பக்கமும் ஆள் அனுப்புகிறார். சித்தப்பா எல்லாவற்றையும் மாற்றிச் சொல்லிவிடுகிறார். காலையில் வேன் கிளம்ப வேண்டும், கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு ஒரு பதிலும் சொல்லாமல் கதவைச் சாத்திய மச்சான், அந்த வேனில் ஏறுகிறாரா இல்லையா என்பதில் இடைவேளை விட வேண்டும்.