பாஸ்போர்ட் கைக்கு வந்தால் குதிரை நம்முடையதா?
பிரிட்டனில், பிடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று லோனுக்கு, அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, எடுக்கும் குதிரையின் பாஸ்போர்ட் நம்மிடம் வந்துவிட்டால், குதிரையும் நமக்குச் சொந்தம் என்று சொல்லியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. குதிரையைப் பராமரிப்பவரிடம் பாஸ்போர்ட் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால்தான் சேணம், கடிவாளத்தோடு அந்தச் சின்னப் புத்தகமும் கூடவே வருகிறது. அது அடையாள ஆவணம் மட்டுமே, உரிமைச் சான்று அல்ல. சந்தேகமிருந்தால் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நல அமைப்பின் இணையதளத்தில் பாஸ்போர்ட் பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். மாதிரி லோன் ஒப்பந்தமும் அங்கேயே கிடைக்கும். விலை, லோன் முடியும் தேதி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம், பணம் கொடுத்ததும் கையெழுத்துப் போட்ட ரசீதைத் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.